குட்டிக்கரணத்துக்கு நான் எழுதிய ஆங்கிலம்

2025 ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து கரண்ட் வந்து வந்து போனது. கடையநல்லூர் விசா ஏஜென்ட் ஆஷிக் அலி மொழிபெயர்க்க அனுப்பிய ஏழு நிக்காஹ் சான்றிதழ்களும் பாதியில் கிடந்தன. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மனைவிமாரை அழைத்துக்கொள்ளக் கேட்கும் தாள்கள். எல்லாமே அவசரம். பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தபோது படியில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஜவுளிக்கடைப் பை.

"டீச்சர், என்னைத் தெரியுதா? கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம். சங்கரம்மாள். போன வருசம் பொங்கலுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரவுக ஆக்சிடென்ட் பேப்பர நீங்கதான் இங்கிலீஷ்ல போட்டுத் தந்தீய."

நான் பள்ளிக்கூட வேலையை விட்டு இந்த மொழிபெயர்ப்புக் கடையைப் போட்டு எட்டு வருடம் ஆகிறது. இந்த ஊருக்கு இன்னும் டீச்சர்தான். எனக்கு அவரை நினைவில்லை. 'ம்' என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய கணவர் சுடலைமணி. தோட்டங்களில் மல்லிகைப் பூ எடுத்து விடியற்காலையில் இங்கே மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவர். இரண்டாயிரத்து இருபத்து மூன்று நவம்பரில், ஓடைப் பாலத்துப் பக்கம் பைக்கோடு விழுந்து இறந்துபோனார். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது, ஓட்டுகிறவர் உயிருக்கும் சேர்த்து. கம்பெனி தர மறுத்துவிட்டது. கேஸ் திருநெல்வேலி நுகர்வோர் கோர்ட்டில் நடக்கிறது. இவ்வளவையும் நின்றபடியே சொன்னார்.

"நான் குடுத்த இங்கிலீஷ் பேப்பர வச்சுத்தான் கம்பெனிக்காரன் தர மாட்டேன்னு சொல்லுதானாம். எங்க வக்கீல் சொல்லுதாக. அதுல என்ன போட்டிருக்கு டீச்சர்? அத மட்டும் தமிழ்ல சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து, என் ரப்பர் ஸ்டாம்ப். விபத்தைப் பார்த்தவர் தங்கப்பழம் என்ற ஆடு மேய்ப்பவர். அவர் போலீசில் சொன்னதில் கடைசி வரி: 'வண்டியில் வேகமாக வந்தவர் பாலத்துக்கு இந்தப் பக்கம் குட்டிக்கரணம் அடித்து ஓடைக்குள் விழுந்தார்.' அதற்கு என் ஆங்கிலம்: 'ஹி பெர்ஃபார்ம்ட் எ சமர்சால்ட்.'

பெர்ஃபார்ம்ட். மேடையில் ஆடுகிறவருக்கும் பாடுகிறவருக்கும் சொல்லும் சொல். கூடவே இருந்த கம்பெனிக் கடிதத்தில் அதையே பிடித்துக்கொண்டு, வாகனத்தை வைத்துத் தானாகச் செய்த சாகசத்தால் நேர்ந்த மரணம், பாலிசியில் இடமில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியாத்தான் போட்டிருக்கு. அவர் சொன்னத வார்த்தைக்கு வார்த்தை போட்டிருக்கு" என்றேன்.

"அப்பச் சரி டீச்சர்." பேப்பரை நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 11, புதன்

மாமனார் விட்டுப்போன பழைய அகராதியை இறக்கித் தூசி தட்டினேன். கரணம் — செய்கை. கருவி. மனம் முதலான உட்கருவிகள். பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்பில் ஒன்று. கூத்தின் நிலை. கழைக்கூத்தாடிகள் தலைகீழாகப் பாய்தல். அந்தக் காலத்தில் ஊர்க் கணக்கு எழுதிய கர்ணமும் இதன் கிளைதானாம். வடமொழியில் 'செய்' என்ற வேரிலிருந்து வந்தது.

செய்! செய்தான் என்றால் பெர்ஃபார்ம்ட் தானே? அப்படியென்றால் நான் எழுதியது தப்பே இல்லை. அரை மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். ஆஷிக் அலியின் வேலையை முடித்து அனுப்பினேன். டீ குடித்தேன்.

பிறகு ஆங்கில வார்த்தையையும் தேடினேன். சமர்சால்ட். பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததாம். 'மேலே' ஒரு பாதி, 'தாவல்' ஒரு பாதி. தாவுகிறவன் ஒருத்தன் அதற்குள்ளும் இருக்கிறான். ஆனாலும் ஆங்கிலப் பேப்பர்களில் கார் 'சமர்சால்ட்டட்' என்று எத்தனை தடவை வாசித்திருக்கிறேன். அந்த ஒரே சொல்லாக எழுதியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான் 'பெர்ஃபார்ம்ட்' என்று முன்னால் ஒன்றைச் சேர்த்தேன். ஏன்? கம்பீரமாக இருந்தது. அவ்வளவுதான். கம்பீரம்.

'குட்டி' எப்படி வந்து ஒட்டியது என்று நான் பார்த்த இரண்டு அகராதியிலும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

பேப்பரில்: 'வாழைக்காய் ஏற்றிவந்த லாரி பல்டி.' பல்டி இந்தியிலிருந்து வந்ததாம், புரளுதல். லாரி எந்த வித்தையைக் காட்டியது?

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது படியில் ஒரு குழந்தை இடறி உருண்டது. அதன் அம்மா ஓடிவந்து தூக்கினாள். "பாத்துக்கிட்டே இருக்கேன், குட்டிக்கரணம் அடிச்சு விழுந்துட்டு." சுற்றி நின்ற பத்துப் பேரும் குழந்தையின் நெற்றியைத்தான் பார்த்தார்கள். ஒருவருக்கும் அந்த மூன்று வயதுப் பிள்ளை வித்தை காட்டியது என்று தோன்றவில்லை. எனக்குச் செருப்பைப் போடக் கால் வரவில்லை.

மத்தியானம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர், ஜெயசிங், எலெக்ட்ரிக் கடைக்காரர். எதையும் வயர் பிரச்சினையாகப் பார்ப்பார்.

"அந்த ஆளு சொன்னத நீ எழுதிருக்க. அவ்வளவுதான? கம்பெனிக்காரன் தர மாட்டேன்னா அது உன் தப்பா?"

"என் தப்புதான்."

"சரி, தப்புன்னு வச்சுக்க. அத நீ வெளிய சொன்னா என்ன ஆகும்? ஆஷிக் அலி பேப்பர் அனுப்புவாரா? ஏட்டி, எட்டு வருசமா அந்த ஸ்டாம்ப்புக்கு ஒரு பேரு எடுத்து வச்சிருக்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். எட்டு வருடத்தில் இன்னும் எத்தனை பேர் பேப்பரில் எத்தனை கம்பீரம் சேர்த்திருப்பேன்?

ஜூன் 18, புதன்

சங்கரம்மாளின் வக்கீல் சங்கரசுப்பு அலுவலகத்துக்குப் போனேன். சும்மா விசாரிக்க என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். அவர் சங்கரம்மாள் கேஸ் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். என் தாளில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

"கம்பெனி வக்கீல் ரெண்டு சொல்லுதாரு டீச்சர். ஒண்ணு, இந்த மொழிபெயர்ப்ப மனுதாரரே குடுத்தது, இப்ப மாத்திப் பேசக் கூடாது. ரெண்டு, தமிழ்லயும் குட்டிக்கரணம்னா வித்தைதான், கரணம்ங்கிற வார்த்தைக்கே செய்கைன்னு அர்த்தம், அகராதிய நகல் எடுத்துத் தாக்கல் பண்ணிட்டாரு."

அதே பக்கம். நான் நிம்மதியாக டீ குடித்த அதே பக்கம்.

"இதுக்கு என்ன வழி அண்ணாச்சி?"

"மொழிபெயர்த்தவங்க வந்து, நான் போட்ட வார்த்தை சரியில்லன்னு பிரமாணப் பத்திரம் குடுக்கணும். குறுக்கு விசாரணைக்கு நிக்கணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு செய்வா? நாளைக்குத் தொழில் பண்ண வேண்டாமா?"

என்னைக் கூப்பிட அவர் ஆள் அனுப்பவே இல்லை. ஏன் என்று இப்போது புரிகிறது. கேட்டால் நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன், பிறகு எதிரில் பார்த்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். நல்ல மனுஷன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து, ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி நடந்து வந்தேன்.

ஜூன் 21, சனி

சங்கரம்மாள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். இறங்கியதும் யாரைக் கேட்டாலும் வீடு தெரிந்தது. சங்கரம்மாள் வாசலில் சாக்கை விரித்துப் பூ எண்ணி நூறு நூறாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கணவர் செய்த தொழில்தான். பூவை இப்போது மினிபஸ்ஸில் போட்டுக்கொண்டு வருகிறாராம்.

உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நான் போட்ட இங்கிலீஷ் தப்பு. உருண்டு விழுந்தார்னு போட வேண்டியத, வித்தை செஞ்சு காட்டினார்னு அர்த்தம் வர்ற மாதிரிப் போட்டுட்டேன்."

அவர் கை நிற்கவில்லை. ஒரு நூறு முடித்தார். அடுத்த நூறு தொடங்கினார். அதுவும் பாதி வரை போனது.

"வித்தையா?"

"ஆமா."

"எங்க கொழுந்தன் அந்தக் கம்பெனிக் கடுதாசிய ஊரு பூராம் வாசிச்சுக் காட்டினான், டீச்சர். எங்கண்ணன் கூத்துக் காட்டிச் செத்தான்னு. மாமியா இன்னும் எங்கூடப் பேச்சில்ல. நீ எப்பவும் வேகமாப் போ வேகமாப் போன்னு விரட்டுவ, அதான் அவனுக்குப் பவுசு கூடிப்போச்சுன்னு." தலையை நிமிர்த்தினார். "நான் விரட்டுனது உண்மைதான். பூ வாடிரும்லா. ஆனா அவுகளுக்கு வண்டியில ஒத்தக் கையக்கூட விடத் தெரியாது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பிரமாணப் பத்திரம் தருவேன் என்றேன்.

"அத முன்னாடியே சொல்லிருக்கலாம்லா." அவ்வளவுதான்.

கிளம்பும்போது தங்கப்பழத்தைப் பற்றிக் கேட்டேன். சங்கரம்மாள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"தங்கப்பழம் அண்ணன்தான் அவுகள ஓடைக்குள்ள இருந்து தோள்ல தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்துச்சு. அவுக சட்டையில ஆட்டு முடி ஒட்டிக் கெடந்துச்சு. அண்ணன் தோள்ல இருந்தது ஒட்டிச்சோ, இல்ல ஆடு குறுக்க வந்து விழுந்துச்சோ. நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். நீங்களும் கேக்காதீய."

ஜூன் 28, சனி

கேட்டுவிட்டேன்.

ஒரு வாரம் தள்ளிப் பார்த்தேன். முடியவில்லை. ஆடுதான் குறுக்கே வந்தது என்றால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அறுப்பு முடிந்த காட்டில் தங்கப்பழம் அண்ணாச்சி ஆடுகளை விட்டுவிட்டு ஒரு வேலிமர நிழலில் நின்றார். அறுபது வயதுக்கு மேல். நான் யார் என்று சொன்னதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"குட்டிக்கரணம்னு சொன்னீங்களே அண்ணாச்சி, என்ன நினைச்சுச் சொன்னீங்க?"

"என்னத்தம்மா நெனைக்க? கண்டதச் சொன்னேன். தலை கீழ போச்சு, காலு மேல வந்துச்சு. ஓடைக்குள்ள கெடந்தான். அதுக்கு வேற என்ன பேரு?"

இதோடு நான் வந்திருக்கலாம். எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

"ஆடு ஏதும் குறுக்க வந்துச்சா?"

அவர் வாயால் ஒரு சத்தம் கொடுத்தார், ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கின. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அவை போகும் பக்கமே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வெயிலில் நின்றேன்.

நான் யாருக்காகக் கேட்டேன்? சங்கரம்மாளுக்காகவா? அவர்தான் கேட்காதே என்று சொன்னாரே. ஆடு என்று ஒன்று வந்துவிட்டால் என் சொல் சின்னத் தப்பாகிவிடும். அதற்காகத்தான் கேட்டேன். ஒரு ஏழையின் ஆட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

சங்கரம்மாளிடமிருந்து போன். 'ஹலோ' கூட இல்லை.

"அவருட்ட ஏன் போனீய? நான் சொன்னேம்லா. அந்த மனுசன் மூணு நாளா எங்க தெருப்பக்கம் வரல. போன வருசம் அவுக நெனப்பு நாளுக்கு முதல் ஆளா வந்து நின்னவரு. உங்களுக்கு உங்க பேப்பர்தான் பெருசு, என்ன?"

வைத்துவிட்டார்.

இன்றைக்கு எதையும் டைப் பண்ணி முடிக்கவில்லை. ஒரு சான்றிதழில் பெயரையே இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நோட்டரி முன்னால் வாசித்துக் காட்டினார் சங்கரசுப்பு அண்ணாச்சி. 'நான் மொழிபெயர்த்த மேற்படி வாசகத்தில், மூலத்தில் இல்லாத பொருள் தொனிக்கும்படி ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டேன் என்று உளமாரத் தெரிவித்துக்கொள்கிறேன்.' ஆட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இவரிடம் சாயங்காலம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். டிவியைச் சத்தம் குறைத்தார். "போட்டாச்சா? சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கோர்ட்டுக்கு என்னைக்கு? கடைய அடைச்சுட்டு நானும் வாரேன்" என்றார். வேண்டாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன், எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 19, சனி

ஆஷிக் அலி நேரில் வந்தார். எப்போதும் டிரைவரிடம்தான் கவரைக் கொடுத்து அனுப்புவார். நேரில் வந்ததுமே தெரிந்துவிட்டது.

"தங்கச்சி, ஒண்ணும் தப்பா எடுத்துக்கிடாதீய. ஒங்க நேர்மைய நான் மதிக்கேன். ஆனா பார்ட்டிக பயப்படுதாங்க. தூதரகத்துல ஒரு எழுத்து தப்புன்னாக்கூடத் திருப்பி அனுப்பிருவான். 'அந்தம்மாவே தப்புப் போட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காங்களாமே'ன்னு கேக்குதாங்க. கொஞ்ச நாளைக்குத் தென்காசியில குடுத்துப் பாக்குதேன். இன்ஷா அல்லாஹ், பொறவு பாப்போம்."

டீயைப் பாதி குடித்துவிட்டு வைத்தார். அவர் மேல் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. வருத்தம் இல்லை என்று எழுதுகிறேனே, கை ஏன் இப்படி அழுத்துகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். தெரு முழுக்கக் கடை. என் கடைக்கு மட்டும் ஆள் இல்லை; இன்று முழுக்க ஒரு சாதிச் சான்றிதழ், ஒரு ஜெராக்ஸ். உட்கார முடியாமல் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். காது மட்டும் திறந்திருக்கிறது. வளையல் கடையில் அட்டைப்பெட்டி சரிந்தபோது கடைக்காரர் மகனிடம் கத்தினார்: "அம்புட்டும் குட்டிக்கரணம் அடிச்சுட்டுல்லா!" பையில் வைத்திருந்த துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன். இதுபோல் சேர்த்தது முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. தண்ணிக்குடம், மாட்டுவண்டி, குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தவர், ஒரு தடவை பங்கு விலை.

கூட்டத்தில் சங்கரம்மாளைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். கிட்டே வந்தார்.

"தங்கப்பழம் அண்ணனையும் வரச் சொல்லி வக்கீல் கேட்டாக. நானே போய்ச் சொல்லிட்டேன். அந்த வார்த்தைய என்ன அர்த்தத்துல சொன்னீங்கன்னு மட்டும் வந்து சொல்லுங்க அண்ணே, வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு சொல்லிருக்கேன்."

"வாரேன்னு சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல."

கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

செப்டம்பர் 16, செவ்வாய்

எழுதினால்தான் நெஞ்சு அடங்கும். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை பஸ்ஸில் நானும் சங்கரம்மாளும். தங்கப்பழம் அண்ணாச்சி வரவில்லை. திருநெல்வேலியில் இறங்கி நுகர்வோர் ஆணைய வாசலுக்குப் போனால், வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டாராம். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் சின்ன வயது. மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது.

"நீங்க எம்.ஏ. ஆங்கிலம். 'பெர்ஃபார்ம்ட்'னா என்னன்னு தெரிஞ்சுதானே எழுதினீங்க?"

"தெரியும்."

"அப்போ தெரிஞ்சே எழுதியிருக்கீங்க."

"எழுதும்போது அந்த மனுஷனப் பத்தி நினைக்கல. வாக்கியம் நல்லா இருக்கணும்னு நினைச்சேன்."

எழுதிக்கொண்டிருந்த ஆணையத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயதுப் பெண்மணி.

"சரி. கரணம்ங்கிற சொல்லுக்கு வேர் என்ன?" என்றார் வக்கீல்.

"செய்தல்."

"செய்தல்னா செய்யறவர் ஒருத்தர் இருக்கணும் இல்லையா? கூடவே 'அடித்தார்'னும் இருக்கு. அவரா அடிச்சார்னுதானே பொருள்?"

முப்பது சீட்டும் கைப்பையில் இருந்தன. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிறகு ஏதோ ஒன்று தானாக வந்தது, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே.

"எங்க ஊர்ல அரிசி மூட்டையும் குட்டிக்கரணம் அடிக்கும் சார். லாரியும் அடிக்கும், தவழுத புள்ளையும் அடிக்கும். வார்த்தை எங்க பொறந்துச்சுன்னு பாத்தா நீங்க சொல்லுதது சரி. ஆனா அந்த அண்ணாச்சி அகராதியப் பாத்து வாக்குமூலம் குடுக்கல. ஓடைக்குள்ள ஒரு ஆளு கெடக்கதப் பாத்துட்டு, வாயில வந்ததச் சொன்னாரு. அத அகராதிக்குக் கொண்டு போனது நான்தான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "உட்காருங்க" என்றார்.

அடுத்து தங்கப்பழம் அண்ணாச்சி. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தலைவரே கேட்டார்.

"குட்டிக்கரணம்னு சொன்னீங்களே, அவரா போட்டாரா?"

"பூ மூட்டைய முன்னால வச்சுக்கிட்டு யாரும்மா அப்படிப் போடுவா? உருண்டு விழுந்தான்மா. அதத்தான் சொன்னேன்."

அதோடு முடிந்தது. வக்கீல் அண்ணாச்சி 'போதும்' என்பதுபோல் கண்ணைக் காட்டினார். தலைவரும் வேறு எதுவும் கேட்கவில்லை. இறங்கப் போனவர் இறங்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. என் ஆடு குறுக்க ஓடிட்டு. செவலைக் கெடா. அத அடிச்சுரக் கூடாதுன்னுதான் அவன் பிரேக்கப் பிடிச்சான். விட்டு அடிச்சிருந்தா ஆடு போயிருக்கும், அவன் இருந்திருப்பான். அன்னைக்கே போலீஸ்ல சொல்லிருக்கணும். பயந்துட்டேன். கெடாவுக்காகச் செத்தவன, வேகமா வந்தான்னு எழுத விட்டுட்டேன்."

தலைவர் குனிந்து எழுதத் தொடங்கினார்.

நான் சங்கரம்மாளைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார், ரத்தம் கட்டிப்போகும் அளவுக்கு.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாங்கள் மூவரும். தேவர்குளம் தாண்டியது. பிறகு சங்கரம்மாள் கேட்டார்:

"அண்ணே, அந்தக் கெடா இருக்கா?"

"அந்த வாரமே வித்துட்டேன் தாயி. பாக்க முடியல."

"ம்."

சங்கரம்மாள் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினார். அவர் குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

செப்டம்பர் 17, புதன்

ஒன்பது மணி வரை தூங்கினேன். இவரே கடையைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அக்டோபர் 10, வெள்ளி

தீர்ப்பு தள்ளிப்போகிறது. வேலை குறைவு. சும்மா இருக்க முடியாமல் பழைய நகல்களை எல்லாம் எடுத்து வாசிக்கிறேன். நான்கு இடத்தில் தப்பு கண்டுபிடித்தேன். மூன்று பெரிதல்ல. நாலாவதுக்கு ஆளைத் தேடி, குருவிகுளத்துக்குப் போன் போட்டு, புதிதாக அடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் பயந்துபோய், "எதும் பிரச்சினையா டீச்சர்?" என்று பத்துத் தடவை கேட்டார்.

இப்போது புதிதாக ஒரு வழக்கம். அடித்து முடித்ததும் அதைத் திருப்பித் தமிழில் சொல்லி, 'நீங்க சொல்ல வந்தது இதுதானா?' என்று கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்கிறார்கள். கேட்காமல் ஸ்டாம்ப் அடிக்கக் கை வர மாட்டேன் என்கிறது.

நவம்பர் 27, வியாழன்

சங்கரசுப்பு அண்ணாச்சி போன் பண்ணினார். உத்தரவு வந்துவிட்டது. சங்கரம்மாள் பக்கம். கம்பெனி கொடுக்க வேண்டும். மேல்முறையீடு போக மாட்டார்கள் என்றே நினைக்கிறாராம். பதினாலாம் பக்கத்தில் என்னைப் பற்றியும் இரண்டு வரி இருக்கிறதாம்: மொழிபெயர்ப்பாளர் கவனக்குறைவாக இருந்தார், ஆனால் உண்மையை மறைக்கவில்லை.

முதல் பாதியும் சரிதான். இரண்டாவது பாதி முழுக்கச் சரி இல்லை. ஜூன் ஒன்பதாம் தேதி நான் சங்கரம்மாளிடம் சொன்ன பொய் அவர்களுக்குத் தெரியாது.

ஆஷிக் அலியிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 3, புதன்

சங்கரம்மாள் வந்தார். இந்தத் தடவை படியில் நிற்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்தார். உத்தரவு நகலை நீட்டி, தமிழில் சொல்லச் சொன்னார். முழுவதும் சொன்னேன், என்னைப் பற்றிய வரியையும் சேர்த்து. அவர் கணவரைப் பற்றி வரும் இடத்தை மூன்று தடவை சொல்ல வைத்தார். 'குறுக்கே வந்த ஆட்டைக் காப்பாற்ற முயன்றபோது வண்டி கட்டுப்பாட்டை இழந்து.' அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போடச் சொன்னார். இரண்டு ஜெராக்ஸ். ஒன்று கொழுந்தனுக்கு, ஒன்று மாமியாருக்கு.

"அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் கையில குடுக்கணும்."

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்தார்.

"இதுல அவுக பேர எடுக்கணும். ரெண்டு வருசமா எடுக்கல. கடையில சத்தம் போடுதாக. அந்தக் கடுதாசியில போட்டிருந்த மாதிரிச் செத்த ஆளா அவுகள எடுக்க எனக்கு மனசு வரல, டீச்சர். இப்ப எடுக்கலாம்லா?"

"எடுக்கலாம்."

"நீங்களே எழுதித் தாங்க."

எழுதினேன். பெயர், உறவு, தேதி. காரணம் என்ற இடத்தில் 'விபத்து' என்று எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தார். மறுபடி ஒரு தடவை வாசித்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.